சினைப்பை நீக்கிய எலியின் தசைக்காயம் 14ஆம் நாளில் வித்தியாசம் காட்டவில்லை: கோளாறு எங்கே?

கேள்வி: நார்க்கணக்கு

எலும்புத்தசை காயம் ஆறுவதில் எஸ்ட்ரடயாலுக்கு (சினைப்பை சுரக்கும் முக்கிய ஈஸ்ட்ரோஜன்) என்ன பங்கு என்று பார்க்கும் ஆய்வு. சி57பிஎல்/6 பெண் சுண்டெலிகள், வயது 10 வாரம். ஒரு குழுவுக்கு இரண்டு சினைப்பைகளும் நீக்கம், மறு குழுவுக்குப் பொய் அறுவை (திறந்து, எதையும் எடுக்காமல் மூடுவது). ஒரு வாரம் கழித்து காயம் உண்டாக்க வலது டிபியாலிஸ் ஆன்டீரியர் (முன்காலின் முன்பக்க) தசையில் 1.2% பேரியம் குளோரைடு, 50 மைக்ரோலிட்டர் ஊசி. 14ஆம் நாள் தசையை எடுத்து எடை, நாரின் குறுக்குப் பரப்பு, மைய உட்கரு உள்ள நார்களின் சதவீதம் ஆகிய மூன்றையும் அளந்தோம். குழுவுக்கு 8 எலி.

இரண்டு குழுவும் ஒன்றுபோலவே இருக்கின்றன. தசை எடையை உடல் எடையால் வகுத்தால் மட்டும் சினைப்பை நீக்கிய குழு குறைவாக வருகிறது. ஈஸ்ட்ரோஜன் போனால் சாட்டிலைட் செல்கள் (தசையின் ஸ்டெம் செல்கள்) குறையும் என்று கட்டுரைகள் சொல்கின்றனவே, அது ஏன் இங்கே தெரியவில்லை?

வலிக்கு மூன்று நாள் மெலோக்சிகாம் (அழற்சியையும் தணிக்கும் வலி மருந்து). தீவனம் கூடத்தில் வழக்கமாகப் போடும் சோயா கலந்ததுதான். அடுத்த சுற்றில் ஆண் எலிகளையும் சேர்க்கச் சொல்கிறார் வழிகாட்டி. அதை எப்படித் திட்டமிடுவது என்றும் சொல்லுங்கள்.

பதில் 1: பாக்ஸ்ஏழு

இந்த அமைப்பில் வித்தியாசம் தெரிந்திருந்தால்தான் ஆச்சரியப்பட வேண்டும்.

பேரியம் குளோரைடு நாரைச் சிதைக்குமே தவிர நாரைச் சுற்றியுள்ள அடித்தளச் சவ்வை விட்டுவைக்கும். சாட்டிலைட் செல்லும் அந்தச் சவ்வுக்கு அடியில்தான் உட்கார்ந்திருக்கிறது. இளம் எலியில் அந்தச் செல்கள் கணிசமாகக் குறைந்திருந்தாலும், மீதி இருப்பவை சில சுற்று கூடுதலாகப் பிரிந்து முதல் காயத்தை ஆற்றிவிடும். நீங்கள் மனதில் வைத்திருப்பது மினசோட்டா பல்கலைக்கழகக் குழு 2019இல் செல் ரிப்போர்ட்ஸ் இதழில் வெளியிட்டதாக இருக்க வேண்டும். ஈஸ்ட்ரோஜன் இல்லாத பெண் எலியில் ஐந்து தசைகளில் சாட்டிலைட் செல்கள் 30 முதல் 60% வரை குறைந்தன. சாட்டிலைட் செல்லில் மட்டும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி ஆல்ஃபாவை நீக்கியபோதும் இருப்பு காக்கப்படவில்லை. இவை இருப்பைப் பற்றிய எண்கள். 14ஆம் நாள் நாரின் பருமனும் அதே அளவு குறையும் என்று அதிலிருந்து எடுத்துக்கொள்ள முடியாது. விதைநெல்லை எடுத்துச் சமைத்தால் அன்றைய சோறு குறையாது, அடுத்த போகத்தில்தான் குறை தெரியும்.

ஆகவே அளக்கும் நாளை மாற்றுங்கள். எலியில் காயம் பட்ட சில மணி நேரத்தில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு நுழையும், ஏறக்குறைய முதல் நாளில் உச்சம். பின்னால் சிதைவை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல் வந்து, 2 முதல் 4 நாளுக்குள் அழற்சி வகையிலிருந்து சீரமைப்பு வகைக்கு மாறும். சாட்டிலைட் செல் பெருக்கம் 2 முதல் 5 நாள். மைய உட்கருவுள்ள புது நார்கள் 5, 7 நாளில் தெரியும். 21, 28 நாளில் தசை பழைய உருவத்துக்கு வந்துவிடும். ஹார்மோன் கைவைக்கும் இடங்கள் முதல் வாரத்திலும் கடைசியிலும் இருக்கின்றன. நீங்கள் இரண்டுக்கும் நடுவே வெட்டியிருக்கிறீர்கள்.

4ஆம் நாளில் எடியு (பிரியும் செல்லின் டிஎன்ஏவில் ஏறும் குறி) ஏற்றி, பாக்ஸ்7 (சாட்டிலைட் செல்லின் அடையாளப் புரதம்), மயோடி (அந்தச் செல் விழித்தெழுந்ததைக் காட்டும் புரதம்) இரண்டுக்கும் சாயமிட்டால் பெருக்கம் தெரியும். 7ஆம் நாளில் கரு மயோசின் (புது நாரில் தற்காலிகமாக வரும் புரதம்) உள்ள நார்களின் பருமனைப் பாருங்கள். 28ஆம் நாளில் சவ்வுக்கு அடியில் திரும்பி அடங்கிய பாக்ஸ்7 செல்களை எண்ணுங்கள், தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டதா என்பதற்கு அதுதான் சாட்சி. எலி கையிருப்பில் இருந்தால் 28ஆம் நாளில் அதே தசையில் இரண்டாவது காயம் செய்து இன்னும் 28 நாள் விடுங்கள். இருப்பு குறைந்திருந்தால் அது அங்கே வெளிப்பட வாய்ப்பு அதிகம்.

மைய உட்கருச் சதவீதத்தை ஆறிய அளவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எலியில் உட்கரு மாதக்கணக்கில் நடுவிலேயே நிற்கும். அந்த நார் ஒருமுறை சிதைந்து மீண்டது என்பதைத் தவிர அது வேறெதையும் சொல்லாது.

சினைப்பை எடுத்து ஒரு வாரத்தில் காயம் செய்தது இன்னொரு காரணம். எஸ்ட்ரடயால் சில நாளில் இரத்தத்தை விட்டுப் போய்விடும், ஆனால் செல் இருப்பு கரைய அவகாசம் வேண்டும். இரண்டு வாரம் குறைந்தபட்சம். இருப்பும் தசை பலமும்தான் கேள்வி என்றால் எட்டு வாரம் பொறுப்பது நல்லது.

உடல் எடையால் வகுப்பதை இன்றே நிறுத்துங்கள். சினைப்பை போன எலி கொழுக்கும், வகுக்கும் எண் பெரிதாகிவிடும். நீங்கள் பார்த்த ஒரே வித்தியாசம் கொழுப்பினுடையது. டிபியா எலும்பின் நீளத்தால் வகுங்கள்.

பதில் 2: ஐசோபென்டேன்

மேலே சொன்னது எல்லாம் சரி. மேசை வேலையில் கவனிக்க வேண்டியவை தனி.

பேரியத்தை எதில் கரைத்தீர்கள்? பிபிஎஸ் (பாஸ்பேட் கலந்த உப்புநீர்) என்றால் பாஸ்பேட்டோடு சேர்ந்து வீழ்படிவாகிவிடும். லேசாகப் பால்போலக் கலங்கினாலே உள்ளே போன அளவு 1.2% இல்லை. 0.9% உப்புநீரில் கரைத்து, வடிகட்டி, அன்றே பயன்படுத்துங்கள். 29 அல்லது 30 கேஜ் இன்சுலின் சிரிஞ்ச் போதும். ஊசியைக் கணுக்கால் பக்கத்திலிருந்து முட்டியை நோக்கித் தசைக்கு இணையாகச் செருகி, வெளியே இழுத்துக்கொண்டே மெதுவாகச் செலுத்த வேண்டும். செலுத்தி முடித்ததும் உருவிவிடாமல் சில விநாடி நிறுத்துங்கள். உறையைத் துளைத்துவிட்டால் பாதி மருந்து தோலடியில் போய்விடும், எலி நொண்டும், ஆனால் தசையில் காயம் அரைகுறை. மீந்த கரைசலைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். சோடியம் சல்பேட் சேர்த்தால் பேரியம் சல்பேட்டாகப் படியும், அதை ரசாயனக் கழிவில் போடலாம்.

ஒவ்வொரு குழுவிலும் இரண்டு மூன்று எலியை முதல் மூன்று நாளுக்குள் எடுத்து, குறுக்குவெட்டில் எத்தனை சதவீதப் பரப்பு சிதைந்திருக்கிறது என்று பாருங்கள். சவ்வு உடைந்த நாருக்குள் எலியின் சொந்த இம்யூனோகுளோபுலின் (இரத்தத்தில் உள்ள ஆன்டிபாடிப் புரதம்) புகுந்திருக்கும், அதற்குச் சாயமிட்டாலே போதும். ஒன்றில் 60%, இன்னொன்றில் 90% காயம் என்றால் அதற்குமேல் எந்த ஒப்பீடும் நிற்காது. பலத்தையும் அளக்கப்போகிறீர்கள் என்றால் இன்னொரு சிக்கல்: பேரியம் குளோரைடு நாரோடு நிற்பதில்லை, இயக்க நரம்பின் முனைகளையும் நுண்குழாய்களையும் சேர்த்துச் சிதைக்கிறது. முதல் வாரத்தில் குறையும் பலத்தில் நரம்பின் பங்கும் உண்டு.

மெலோக்சிகாம்தான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. ஈஸ்ட்ரோஜனின் ஆரம்பகால விளைவு பெரும்பாலும் அழற்சிச் செல்களின் வழியாக நடக்கிறது. சினைப்பை நீக்கிய எலிகளுக்கு எஸ்ட்ரடயால் திருப்பிக் கொடுத்த பல ஆய்வுகளில் காயத்துக்குப் பின் தசைக்குள் வரும் வெள்ளணுக்கள் குறைந்திருக்கின்றன. அதோடு, மெலோக்சிகாம் தடுக்கும் காக்ஸ்-2 நொதி வழியாக உண்டாகும் புரோஸ்டாகிளாண்டின் இ2 சாட்டிலைட் செல்லைப் பெருகத் தூண்டும் பொருள். முதல் மூன்று நாளும் இரண்டு குழுவிலும் அந்தப் பாதையை அடைத்துவிட்டால் வித்தியாசம் எங்கிருந்து வரும்? பியூப்ரினார்ஃபின் (ஓபியாய்டு வலி மருந்து) கிலோவுக்கு 0.05 முதல் 0.1 மி.கி., 8 முதல் 12 மணிக்கு ஒருமுறை என்று மாற்றலாம். கட்டுப்படுத்தப்பட்ட மருந்து, விலங்கு நெறிமுறைக் குழுவில் திருத்தம் போட்டு ஒப்புதல் வாங்கிய பிறகுதான். வலி மருந்தே வேண்டாம் என்ற யோசனைக்குப் போகாதீர்கள்.

அடுத்தது சோயா. அதிலுள்ள ஜெனிஸ்டீன், டைட்ஜீன் என்ற ஐசோஃபிளேவோன்கள் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியில், குறிப்பாக பீட்டா வகையில் ஒட்டும். சினைப்பையை எடுத்துவிட்டு தினமும் சோயா போடுவது ஒரு கையால் எடுத்து மறு கையால் கொடுக்கிற வேலை. சோயா, குதிரைமசால் இல்லாத, கேசீனை அடிப்படையாகக் கொண்ட தீவனத்தை அறுவைக்கு இரண்டு வாரம் முன்பே ஆரம்பியுங்கள். பட்டியலில் சோயா எண்ணெய் இருந்தால் பெரிதாகப் பயப்பட வேண்டாம், ஐசோஃபிளேவோன் புரதப் பகுதியோடு போகிறது, சுத்திகரித்த எண்ணெயில் அநேகமாக இல்லை. பழைய, கீறல் விழுந்த பாலிகார்பனேட் கூண்டுகளை ஒதுக்குவதும் நல்லது, பிஸ்பினால் ஏ கசியும்.

அறுவை முழுமையா என்று எப்படிச் சரிபார்த்தீர்கள் என்று எழுதவில்லை. கருப்பையின் ஈர எடைதான் மிக மலிவான, நம்பகமான சான்று. சினைப்பை போன எலியில் அது நூல்போலச் சுருங்கி 20, 30 மி.கி.க்குக் கீழே வந்துவிடும், முழு எலியில் சுழற்சி நாளைப் பொறுத்து அதைவிடப் பல மடங்கு இருக்கும். யோனிச் சுரண்டலில் வெள்ளணுக்கள் மட்டுமே தொடர்ந்து வர வேண்டும். நடுவே கெரட்டின் ஏறிய தட்டைச் செல் தலைகாட்டினால் சினைப்பைத் துணுக்கு உள்ளே மிச்சம் இருக்கிறது. இரத்தத்தில் எஸ்ட்ரடயாலை எலைசா கிட்டில் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். எலியின் அளவே மி.லி.க்குச் சில பிகோகிராம், பெரும்பாலான கிட்டுகள் அந்த மட்டத்தில் சத்தத்தைத்தான் எண்ணாகக் கொடுக்கும். நிறமாலைமானி இணைத்த குரோமடோகிராஃபி வசதி இல்லையென்றால் கருப்பை எடையே மேல்.

எஸ்ட்ரடயாலைத் திருப்பிக் கொடுக்கும் மூன்றாவது குழு இல்லாமல், ‘இது எஸ்ட்ரடயாலால்’ என்று எழுத முடியாது. சினைப்பையோடு புரோஜெஸ்டிரோனும் போகிறதே. 60 நாள் கரையும் 0.18 மி.கி. வில்லை பலர் போடுவது. ஆனால் வில்லைகள் ஆரம்ப நாட்களில் இயல்பைத் தாண்டி ஏற்றிவிடும், அளவு மிகுந்தால் சிறுநீர் தேங்கி எலி சாகும். சிலாஸ்டிக் குழாயில் எள்ளெண்ணெயோடு அடைத்து வைப்பது இதைவிடச் சீராக இருக்கும். கருப்பை நீர்கோத்து ஊதியிருந்தால் அளவு கூடிவிட்டது என்று அர்த்தம்.

தசையை நேராகத் திரவ நைட்ரஜனில் போடாதீர்கள். ஐசோபென்டேனைத் திரவ நைட்ரஜனில் குளிரவைத்து, அடியில் வெண்மையாக உறையத் தொடங்கும்போது தசையை முக்குங்கள். இல்லையென்றால் பனிப்படிக ஓட்டைகளோடு குறுக்குப் பரப்பை அளந்துகொண்டிருப்பீர்கள்.

பதில் 3: நான்குமரபு

ஆண் எலி பற்றி. பெண் குழுக்களுக்குப் பக்கத்தில் ‘ஆண்’ என்று ஒரு பத்தியைச் சேர்த்தால் பதில் கிடைக்காது. பொய் அறுவை, விதை நீக்கம், விதை நீக்கம் + டெஸ்டோஸ்டெரோன், விதை நீக்கம் + டைஹைட்ரோடெஸ்டோஸ்டெரோன் என்று நான்கு வேண்டும். டெஸ்டோஸ்டெரோனை அரோமடேஸ் என்ற நொதி எஸ்ட்ரடயாலாக மாற்றிவிடும், டைஹைட்ரோ வகையை மாற்ற முடியாது. நான்காவது குழு இல்லாவிட்டால், ஆண் எலியில் வேலை செய்தது எந்த ஏற்பி என்று கடைசிவரை தெரியாது.

ஊசி அளவையும் திருத்துங்கள். ஆணின் டிபியாலிஸ் தசை பெண்ணினுடையதைவிடக் கனம். அதே 50 மைக்ரோலிட்டர் பெண்ணின் தசையை முழுதும் நனைக்கும், ஆணில் ஓரத்தை விட்டுவிடும். பிறகு ‘ஆண் வேகமாக ஆறுகிறது’ என்று ஒரு வரைபடம் வரும், உண்மையில் அங்கே காயமே சிறியது. தசை எடைக்கு ஏற்ப அளவை வகுத்து, மேலே சொன்ன சிதைவுப் பரப்பால் சரிபாருங்கள்.

டெஸ்டோஸ்டெரோனை ஒருமுறை எடுத்த இரத்தத்தில் அளந்து தொடர்புபடுத்துவது வீண். அது துடிப்பு துடிப்பாகச் சுரக்கும், ஒரே கூண்டில் ஆதிக்கம் செலுத்தும் ஆணுக்கும் அடங்கிய ஆணுக்கும் மலைக்கும் மடுவுக்கும். விந்துப்பையின் எடை, லெவேட்டர் ஆனி (ஆசனவாய் அருகில் உள்ள) தசையின் எடை இரண்டும் வாரக்கணக்கான ஆண்ட்ரோஜனின் சராசரியைக் காட்டும். பருவம் வந்த ஆண்களைப் புதிதாக ஒரே கூண்டில் சேர்க்கவும் கூடாது. கடித்துக்கொள்ளும், நீங்கள் செய்யாத காயத்தை எண்ண வேண்டியிருக்கும்.

விதை நீக்கும் வயதுக்கு ஏற்பக் கேள்வியே வேறாகிவிடும். 2016இல் நேச்சர் செல் பயாலஜியில் வந்த கொரிய ஆய்வு இதற்கு அவசியம் படிக்க வேண்டியது. பருவமடையும்போது எழும் பாலின ஹார்மோன்கள் தசைநாரில் மைண்ட்பாம்ப்1 என்ற புரதத்தைக் கூட்டுகின்றன, அது பக்கத்துச் சாட்டிலைட் செல்லில் நாட்ச் சமிக்ஞையை எழுப்பி, அதுவரை பிரிந்துகொண்டிருந்த செல்லை உறங்க வைத்து இருப்பாக மாற்றுகிறது. ஆண், பெண் இரண்டுக்கும் இது பொருந்தும். எனவே 4 வாரத்தில் நீக்கினால் இருப்பு உருவாவதையும், 12 வாரத்தில் நீக்கினால் உருவான இருப்பு நிலைப்பதையும் சோதிக்கிறீர்கள்.

எல்லாவற்றையும் ஹார்மோன் தலையில் கட்டவும் முடியாது. 2007இல் பிட்ஸ்பர்க் குழு, பெண் எலியின் தசையிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்கள் டிஸ்ட்ரோஃபி (தசைச் சிதைவு நோய்) எலியில் ஆண் செல்களைவிட அதிக நார்களை உருவாக்கியதைக் காட்டியது. செல்லின் பாலினமே ஒரு காரணி. இதைப் பிரிக்க நான்கு மரபணு அமைப்பு எலிகள் உண்டு: விதையை உருவாக்கும் எஸ்ஆர்ஒய் மரபணு ஒய் குரோமோசோமிலிருந்து வேறு குரோமோசோமுக்கு மாற்றப்பட்டவை, விதையுள்ள எக்ஸ்எக்ஸ் எலியும் சினைப்பையுள்ள எக்ஸ்ஒய் எலியும் கிடைக்கும்.

பின்னால் பாக்ஸ்7 கிரீ எலிக்கு (சாட்டிலைட் செல்லில் மட்டும் ஒரு மரபணுவை நீக்க உதவும் எலி) போவீர்கள் என்றால் ஒன்று: அதைத் தூண்டப் போடும் டாமாக்சிஃபென் தானே ஈஸ்ட்ரோஜன் ஏற்பியில் ஒட்டும் மருந்து. தூண்டாத குழு உட்பட எல்லா எலிக்கும் அதே அளவு போட்டு, காயத்துக்கு முன் சில வாரம் இடைவெளி விடுங்கள்.

இடைக்கேள்வி: இயன்முறை_கை

எலிக் கதையை மனிதருக்கு எவ்வளவு தூரம் இழுக்கலாம்? தொடை பின்தசைக் கிழிசலோடு வருகிற மாதவிடாய் நின்ற பெண்ணுக்கும், மாதவிடாய் தவறிய இளம் ஓட்டக்காரிக்கும் பயிற்சித் திட்டத்தை மாற்ற வேண்டுமா? ஜிம்மில் ‘டெஸ்டோ ஊசி போட்டால் சீக்கிரம் கூடிடும்’ என்று கேட்டுவிட்டு வரும் பையன்களுக்கு என்ன சொல்வது?

பதில் 4: காலை_எட்டுமணி

சாட்டிலைட் செல் இருப்பு மட்டும் மனிதரிலும் ஒத்துப்போகிறது. அதே 2019 கட்டுரையில், மாதவிடாய் நிற்கும் கட்டத்தைக் கடந்த பெண்களின் தசைத் துணுக்குகளில் எஸ்ட்ரடயால் இறங்கியதற்கு ஏற்ப அந்தச் செல்களும் குறைந்திருந்தன. 2009இல் வந்த இன்னொரு ஆய்வில், கடும் எக்சென்ட்ரிக் (தசை நீளும்போதே பளு தாங்கும்) பயிற்சிக்குப் பின் ஹார்மோன் சிகிச்சையில் இருந்த பெண்களுக்குச் சேதக் குறியீடுகள் மற்றவர்களைவிடக் குறைவாக ஏறின. இதில் ஒரு எச்சரிக்கை: சேதக் குறியீடாக இரத்தத்தில் பார்க்கும் கிரியாட்டின் கைனேஸ் என்ற தசை நொதி, சவ்வு கசிவதன் அளவு. ஈஸ்ட்ரோஜன் சவ்வையே உறுதிப்படுத்துகிறது என்று கருதப்படுவதால், குறைந்த எண்ணைக் குறைந்த காயம் என்று அப்படியே படிக்கக் கூடாது. கிழிந்த தசைக்காக மட்டும் ஹார்மோன் சிகிச்சையை ஆரம்பிப்பதற்கு இன்று ஆதாரம் போதாது. வெப்ப அலை, எலும்புத் தேய்வு, இரத்த உறைவு, மார்பகப் புற்று அபாயம் எல்லாவற்றையும் வைத்து மகப்பேறு மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவு அது.

உங்கள் பக்கத்தில் செய்யக்கூடியது: அசையாமல் வைக்கும் நாளைக் குறைப்பது, புரதம் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம், பளுவைக் காலண்டர் பார்த்து ஏற்றாமல் வலியும் பலமும் பார்த்து ஏற்றுவது. கையடக்க டைனமோமீட்டரில் (பலம் அளக்கும் கருவி) மறுகாலோடு 10%க்குள் வராமல் வேக ஓட்டம் வேண்டாம். மருந்துப் பட்டியலையும் கேளுங்கள். மார்பகப் புற்றுக்கு லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் எடுப்பவருக்கு எஸ்ட்ரடயால் அநேகமாகச் சுழியம், மூட்டு தசை வலி அந்த மருந்தாலேயே வரும்.

இளம் ஓட்டக்காரி விஷயத்தில்தான் நீங்கள் விழித்திருக்க வேண்டும். மாதவிடாய்ச் சுழற்சியின் எந்த நாளில் எந்தப் பயிற்சி என்று அட்டவணை போடுவது எனக்கு உடன்பாடில்லை. ஆரம்ப நாட்களில் பயிற்சிக்குப் பின்னான வலியும் பலக் குறைவும் சற்று அதிகம் என்று தொகுப்பாய்வு காட்டுகிறது, ஆனால் ஒருவருக்கொருவர் இருக்கும் மாறுபாடு அதைவிடப் பெரிது. மாதவிடாய் மூன்று மாதம் வராதது, சுழற்சி 45 நாளைத் தாண்டுவது என்றால் பரிந்துரைக் கடிதம் எழுதுங்கள். பெரும்பாலும் காரணம் சாப்பாடு பற்றாதது. 55 கிலோ, 20% கொழுப்பு என்றால் கொழுப்பற்ற எடை 44 கிலோ. பயிற்சியில் எரிந்தது போக கிலோவுக்கு 45 கலோரி, அதாவது 1980 கலோரி மிஞ்ச வேண்டும். 30க்குக் கீழே, 1320க்கு இறங்கினால் மூளையே சினைப்பையை நிறுத்திவிடும். காயம்பட்டு ஓய்வில் இருக்கும்போது ‘எடை போட்டுவிடும்’ என்று சாப்பாட்டை இன்னும் குறைப்பார்கள், அப்போதுதான் தசைக்குச் சரக்கு அதிகம் தேவை. கருத்தடை மாத்திரையில் வரும் இரத்தப்போக்கைப் பார்த்து ‘சரியாகிவிட்டது’ என்று விட்டுவிடாதீர்கள், அது மாத்திரையில் விடும் இடைவெளியால் வருவது.

ஜிம் பையன்களுக்கு: டெஸ்டோஸ்டெரோன் தசையைக் கூட்டும், சாட்டிலைட் செல்லையும் கூட்டும். இளைஞர்களுக்கு 20 வாரம், வாரம் 25 முதல் 600 மி.கி. வரை கொடுத்த ஆய்வில் அளவுக்கு ஏற்பக் கூடியது, சந்தேகமில்லை. ஆனால் அது காயமில்லாத தசை. முட்டி முன் குறுக்கு லிகமெண்ட் அறுவையைச் சுற்றி எட்டு வாரம், வாரம் 200 மி.கி. கொடுத்துப் பார்த்த 13 பேர் கொண்ட சிறிய ஆய்வில் (2017) கொழுப்பற்ற எடை ஏறியது, முட்டியை நீட்டும் பலத்தில் 12, 24 வாரங்களில் தெளிவான வித்தியாசம் இல்லை. டென்டன் (தசையை எலும்போடு கட்டும் நாண்) தசையின் வேகத்தில் வளராது. ஸ்டீராய்டு எடுப்பவர்களிடம் மேல் உடம்பு டென்டன் அறுதல் அதிகம். விந்தணு உற்பத்தி நிற்கலாம், திரும்ப மாதங்கள் ஆகும். ஹீமடோக்ரிட் (இரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு) 54%ஐத் தாண்டினால் குறைபாட்டுக்காகச் சிகிச்சை எடுப்பவருக்கே நிறுத்துவோம். போட்டியில் இறங்குபவராக இருந்தால் போட்டி நாளிலும் மற்ற நாளிலும் தடை, காயம் என்று சொல்லி விலக்கு வாங்க முடியாது.

உண்மையான குறைபாடு என்று சந்தேகம் வந்தால் காலை வெறும் வயிற்றில், இரண்டு வேறு நாள் அளக்க வேண்டும். காயம்பட்ட வாரத்தில் அளக்க வேண்டாம். அறுவை, காய்ச்சல், டிரமடால் போன்ற ஓபியாய்டு மாத்திரை எல்லாமே தற்காலிகமாக எண்ணை இறக்கும். அந்தத் தாளைக் காட்டித்தான் பலர் ஊசிக்குப் போகிறார்கள்.

நார்க்கணக்கு:

நன்றி. பேரியம் உப்புநீரில்தான் கரைத்தோம். கருப்பைகள் எடை போடாமல் ஃபார்மலினில் கிடக்கின்றன. இப்போது எடுத்துப் போடலாமா? உறைந்த தசையும் மிச்சம் இருக்கிறது.

ஐசோபென்டேன்:

போடலாம், ஆனால் ஈர எடை என்று எழுதாதீர்கள், ஃபார்மலின் எடையை மாற்றும். கொழுப்பை வெட்டி, வடிதாளில் ஒற்றி, எல்லாவற்றையும் ஒரே நாளில், எந்தக் குழு என்று தெரியாத ஒருவர் போடட்டும். பொய் அறுவைக் குழுவின் எடைக்குள் விழும் ‘நீக்கிய’ எலி இருந்தால், அதன் கருப்பையை வெட்டி உட்சவ்வுச் செல்லின் உயரத்தைப் பாருங்கள். உயரமான தூண்போல இருந்தால் ஹார்மோன் இருந்திருக்கிறது, அந்த எலியைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு காரணத்தையும் எழுதுங்கள். உறைந்த தசையில் 10 மைக்ரான் வெட்டு எடுத்து பாக்ஸ்7, லாமினின் (அடித்தளச் சவ்வின் புரதம்) இரண்டுக்கும் சாயம் போடுங்கள். பாக்ஸ்7க்கு ஆன்டிஜென் மீட்பு (மறைந்த புரதத்தைச் சூட்டில் வெளிக்கொண்டு வருவது) அவசியம், எலியில் உருவான ஆன்டிபாடி என்பதால் தசையின் சொந்த ஆன்டிபாடியை மறைக்கும் ஃபேப் தடுப்பும் வேண்டும், இல்லாவிட்டால் காயப் பகுதி முழுக்க மினுங்கும். காயம்படாத இடது காலையும் சேர்த்து எண்ணுங்கள்.